மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் நண்பர்களைத் துணைக்கு அழைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"ஏதாவது வேணும்னா சொல்லு." பயாப்சி (சதைப் பரிசோதனை) முடிவு வந்த வாரத்தில் இதைப் பல பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். "சரிப்பா, கண்டிப்பா சொல்றேன்" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இரண்டுமே மனதாரச் சொன்னதுதான். ஆனாலும் ஒன்றும் நடக்காது. அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது, உங்களுக்குக் கேட்க வாய் வராது. மூன்றாவது கீமோ வருவதற்குள் வீட்டில் இருப்பவர்கள் தூக்கமில்லாமல் துவண்டுபோவார்கள். அந்த நண்பர்களோ, "இப்ப போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்று தள்ளியே நிற்பார்கள்.

எந்த வேலை, எந்த நாள், யார் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாததுதான் இங்கே பிரச்சினை என்பது என் எண்ணம். மனமில்லாத நண்பர்கள் உண்டு, ஆனால் குறைவு. வழி தெரியாமல் நிற்பவர்களே அதிகம். அவர்களுக்கு வழி சொல்வது எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. நட்பு என்பது மன ஆறுதலுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நோய் வந்த 2,835 அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. உறவும் நட்பும் மிகக் குறைவாக இருந்த பெண்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாக இருந்ததை அது கண்டது. அருகில் இருந்து கவனித்துக்கொள்ள ஆளில்லாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். கொண்டுவந்து கொடுக்கும் சாப்பாடும், ஆஸ்பத்திரிக்குக் கூட வரும் ஒரு ஆளும் சின்ன விஷயமில்லை.

படி 1: முதலில் சிகிச்சை அட்டவணையைக் கையில் வாங்குங்கள்

யாரிடமும் உதவி கேட்கும் முன் உங்களுக்கே தெரிய வேண்டியது: எப்போது என்ன நடக்கப்போகிறது? மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். ஆபரேஷன் முதலிலா, கீமோ முதலிலா? கீமோ எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளி? ரேடியேஷன் உண்டா, எத்தனை வாரம்? அதன் பிறகு ஊசியோ மாத்திரையோ எத்தனை காலம்?

ஒவ்வொருவருக்கும் இது மாறும். கீமோ பலருக்கு 21 நாளுக்கு ஒரு முறை, சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சில மருந்துகள் வாராவாரம். ரேடியேஷன் என்றால் வாரத்தில் ஐந்து நாள், பொதுவாக மூன்று முதல் ஐந்து வாரம். ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை என்றால் டிராஸ்டுசுமாப் மருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஒரு வருடம் வரை போகும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு தீபாவளியில் ஆரம்பித்து அடுத்த தீபாவளி வரை இழுக்கலாம்.

அடுத்து, 21 நாள் சுற்றுக்குள் எந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கீமோ ஏறும் நாளில் கூட ஒரு ஆள் வேண்டும். அடுத்த நாலைந்து நாள் குமட்டல், அசதி, வாய்க்கசப்பு. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு எண்ணிக்கை இறங்கியிருக்கும், தொற்று எளிதாகப் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் ஓரளவு பழைய மனுஷியாக எழுந்து உட்காருவீர்கள். உதவி கேட்பதற்கு இதுவே வரைபடம். முதல் வாரம் சாப்பாடு, இரண்டாவது வாரம் வெளி வேலை, மூன்றாவது வாரம் அரட்டை. சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் மூன்று வண்ணப் பேனாவால் குறித்து, அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

படி 2: யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது

நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பது. பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், ஊர் வாய்க்கு அவலாகிவிடும், பரம்பரை நோய் என்பார்கள். நோயைப் பற்றி யாரிடம் சொல்வது என்று முடிவு செய்வது உங்கள் உரிமை, சந்தேகமே இல்லை. ஆனால் முழுக்க மறைத்து வைப்பதற்கும் உழைப்பு தேவைப்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய், முடி கொட்டியதற்கு ஒரு கதை. கோயிலில் முடி காணிக்கை கொடுத்ததாகச் சொல்லிச் சமாளிப்பவர்கள் உண்டு. அந்தக் கதை ஒரு முறை செல்லும். நாலு மாதம் கழித்தும் தலை அப்படியே இருந்தால் செல்லாது.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே குறைந்தது மூன்று பேருக்கு முழுசாகத் தெரிந்திருக்கட்டும். அதில் ஒருவர் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர், ஒருவர் வண்டி ஓட்டத் தெரிந்தவர், ஒருவர் எந்த நேரத்திலும் நீங்கள் போன் பண்ணி அழ இடம் கொடுப்பவர். மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் அந்த ஆள் சீக்கிரம் களைத்துவிடுவார். அதனால் பிரித்தே வையுங்கள்.

சொல்லும்போது சுற்றி வளைக்காமல் சொல்வது இருவருக்கும் நல்லது. "மார்புல ஒரு கட்டி இருந்துச்சு. டெஸ்ட் பண்ணதுல புற்றுநோய்னு வந்திருக்கு. அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கிறாங்க. எனக்கு இப்ப ஆலோசனை வேண்டாம்டி, நீ கூட இருந்தா போதும்." நாலு வரிதான். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பதற்றத்தில் தனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் கொட்டிவிடுவார். 'மார்பு' என்ற சொல்லைச் சொல்லக் கூசுகிறதா? "மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்ததுல" என்று தொடங்குங்கள், மீதி அவருக்குப் புரியும்.

அலுவலகத்தில் மனிதவளப் பிரிவிடமும் நேர் மேலதிகாரியிடமும் விடுப்புக்குத் தேவையான அளவு சொன்னால் போதும். உடன் வேலை செய்பவர்களில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

படி 3: செய்தி சொல்ல ஒருவரை நியமியுங்கள்

கீமோ முடிந்து வந்து படுத்திருக்கும்போது, "இப்ப எப்படி இருக்க?" என்று பதினெட்டுப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவது கொடுமை. உங்களை நன்றாக அறிந்த, அளவாகப் பேசக்கூடிய ஒரு தோழியைத் தேர்ந்தெடுங்கள். இனி எல்லாருக்கும் அவர்தான் செய்தி சொல்வார்.

வாட்ஸ்அப் குழுவா, பிராட்காஸ்ட்டா? எனக்குப் பிராட்காஸ்ட்தான் பிடிக்கும். குழு என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாள் காலை வணக்கப் படங்கள், நாலாம் நாள் புற்றுநோயை விரட்டும் பழச்சாறு வீடியோ. பிராட்காஸ்ட்டில் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் போடலாம், மற்றவர்களுக்குத் தெரியாது. உதவி செய்ய முன்வந்த ஐந்தாறு பேருக்கு மட்டும் ஒரு சின்னக் குழு இருந்தால் போதும், அதில் வேலை விஷயம் மட்டும்.

அவர் அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்: "இரண்டாவது கீமோ நேற்று முடிந்தது. அசதியாக இருக்கிறாள், போன் எடுக்க மாட்டாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம், பதில் எதிர்பார்க்க வேண்டாம். பத்து நாளைக்கு யாரும் நேரில் வர வேண்டாம். உதவ விரும்புபவர்கள் எனக்கு எழுதுங்கள்." ரிப்போர்ட், ஸ்டேஜ் போன்றவற்றை நீங்கள் சொல்லச் சொன்னால் தவிர அவர் சொல்லக் கூடாது. இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

படி 4: யாருக்கு எது கைவரும் என்று பாருங்கள்

எல்லாருக்கும் எல்லாம் வராது. ஆஸ்பத்திரி வாசனையே ஆகாத தோழி, உங்கள் பிள்ளையைத் தினமும் டியூஷனுக்குக் கூட்டிப்போவாள். பேசவே தெரியாத அலுவலக நண்பர், காப்பீட்டுப் படிவத்தை ஒரு மணி நேரத்தில் பூர்த்தி செய்துவிடுவார். பள்ளிக் காலத்துத் தோழி துபாயிலிருந்து இரவில் போன் பண்ணிச் சிரிக்க வைப்பாள், அது ஒன்றே அவள் வேலை. எதிர் வீட்டு அக்காவுக்கு உங்கள் நோயின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் குடிநீர் வரும் நேரத்தில் உங்கள் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைப்பார்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால், அந்தத் தோழிகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். வாராவாரம் கூடி உட்கார்ந்து பழகியவர்கள். தவணை கட்டும் நாளில் உங்களுக்கு முடியாமல் போனால் முன்பே பேசி ஏற்பாடு செய்துகொள்ளவும் அவர்களால் முடியும்.

இன்னொன்று. உங்கள் கணவருக்கும் ஒரு நண்பர் வேண்டும். பல ஆண்கள் மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் பேசாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவருடைய நண்பர்களில் ஒருவரிடம், "வாரத்துல ரெண்டு நாள் இவரை டீ குடிக்கக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று நீங்களே சொல்லிவிடலாம்.

படி 5: கேட்கும் விதம்

நாள், நேரம், வேலை மூன்றும் இருந்தால் அது கோரிக்கை. ஒன்று குறைந்தாலும் புலம்பலாகிவிடும் அபாயம் உண்டு.

"வீட்டு வேலை கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்றால் "பார்த்துக்கோ, ரெஸ்ட் எடு" என்ற பதில்தான் வரும். "வர்ற வியாழக்கிழமை எனக்கு கீமோ. அன்னிக்குச் சாயந்திரம் நாலு மணிக்குப் பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து ஏழு மணி வரைக்கும் உன் வீட்டுல வெச்சுக்க முடியுமா?" என்று கேட்டால் முடியும், முடியாது என்று ஏதாவது ஒரு பதில் வந்தே தீரும். "முடியலன்னா தயங்காம சொல்லு, வேற ஆள் பாத்துக்குறேன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுக்க இடம் கொடுத்துக் கேட்டால்தான் அடுத்த முறையும் கேட்க முடியும்.

நேரில் கேட்க நா எழாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: படி 3-ல் சொன்ன தோழி உங்களுக்காகக் கேட்கட்டும். தனக்காகக் கேட்பதைவிட இன்னொருவருக்காகக் கேட்பது யாருக்கும் சுலபம்.

யாராவது வந்து, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிடாதீர்கள். சின்ன வேலைகளாக எழுதி வைத்த ஒரு பட்டியல் போனில் இருக்கட்டும். இஸ்திரிக்குக் கொடுத்த துணியை வாங்கி வருவது, கேஸ் புக் செய்வது, மாவு அரைத்துத் தருவது, மின் கட்டணம், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்குவது என்று பத்து இருந்தால் வந்தவரே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

படி 6: கீமோ மாதங்கள்

கூட வரும் ஆளின் வேலை சும்மா உட்காருவது என்று நினைக்காதீர்கள். டே கேர் வார்டில் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பு, டோக்கன், மருந்து வாங்கும் கவுண்ட்டர், பிறகு பல மணி நேரம் ட்ரிப்ஸ். ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கே ஒருவர் வேண்டும். மருத்துவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதும் அவர் வேலைதான். நோயாளி பாதியைத்தான் காதில் வாங்குவார், இது இயல்பு. சிவப்பு நிறத்தில் ஏறும் டாக்ஸோரூபிசின் மருந்துக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகலாம் என்பது போன்ற விஷயங்கள் கூட வருபவருக்குத் தெரிந்திருந்தால் இரவில் பதற வேண்டியிருக்காது.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர்கள் அதிகம் உதவ முடிந்ததும், அதிகம் தப்பு நடப்பதும் இங்கேதான். கீமோ எடுத்தவருக்குத் தாளிப்பு வாசனையே குமட்டும். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தாலே எழுந்து ஓடுவார்கள். ஆகவே வேறு வீட்டில் சமைத்து, டிபன் கேரியரில் வரும் சாப்பாட்டுக்கு இரட்டைப் பலன்: வேலையும் மிச்சம், வாசனையும் இல்லை. இட்லி, இடியாப்பம், பருப்புக் கஞ்சி, குழைந்த ரசம் சாதம், அவித்த முட்டை போன்றவை பெரும்பாலும் இறங்கும். வாய்ப்புண் இருக்கும்போது காரமும் புளியும் எரியும். வாயில் இரும்பு வாசம் அடிக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனை விட்டு மர ஸ்பூனோ கையோ பரவாயில்லை. அளவு சின்னதாக, அடிக்கடி. விருந்து மாதிரி ஏழு ஐட்டம் வந்தால் பார்த்ததுமே களைப்பு.

அணு எண்ணிக்கை குறைந்திருக்கும் வாரத்தில் அன்றன்று சமைத்த சூடான சாப்பாடு மட்டும். கடையில் வெட்டி வைத்த பழம், தெருவோர ஜூஸ், நேற்றைய சட்னி, பச்சைக் காய் சாலட் எல்லாம் வேண்டாம். இதைச் சமைத்துத் தருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு மூன்று பேர் முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் சுமையில்லை.

காய்ச்சல் ராத்திரிக்கான ஆள். கீமோ காலத்தில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரியை அழைக்க வேண்டும், பெரும்பாலும் உடனே கிளம்பவும் வேண்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்கும் போனை எடுத்து வண்டியோடு வரக்கூடிய இரண்டு பேரின் பெயரும் எண்ணும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கட்டும். அவர்களிடம் முன்பே ஒப்புதல் வாங்குங்கள். இருவரும் எடுக்காவிட்டால் 108 இருக்கிறது.

முடி விஷயம். பெரும்பாலும் முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும், எல்லா மருந்துக்கும் கொட்டாது. நீளமான பின்னல் கொத்துக் கொத்தாகக் கையோடு வருவதைப் பார்ப்பதைவிட, முன்பே தோள் அளவுக்கு வெட்டிக்கொள்வது பலருக்கு எளிதாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு தோழி கூட வந்தால் நல்லது. நம் ஊர் வெயிலில் விக் அவியும். மென்மையான பருத்தித் துணிகள் நாலைந்து வாங்கித் தரச் சொல்லுங்கள், பூங்கொத்தைவிடப் பயன்படும்.

வீட்டில் தங்கி உதவுபவருக்கு ஒரு குறிப்பு: கீமோவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் மிச்சம் இருக்கும். கழிப்பறையில் தண்ணீரை இரண்டு முறை விடுவது, அந்தத் துணியைக் கையுறையோடு துவைப்பது நல்லது. கர்ப்பமான தோழி அந்த வேலையைச் செய்ய வேண்டாம். மற்றபடி புற்றுநோய் ஒட்டாது. தனி டம்ளர், தனித் தட்டு எல்லாம் தேவையில்லாத புண்.

படி 7: ஆபரேஷன் முடிந்த பிறகு

இங்கே வேண்டிய உதவியே வேறு மாதிரி. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலைவழியாக மாட்டும் எதுவும் சரிவராது. முன்பக்கம் திறக்கும் தளர்வான ஜாக்கெட், முன் ஜிப் வைத்த நைட்டி வேண்டும். தையல் தெரிந்த தோழி இருந்தால் ஆபரேஷனுக்கு முன் வாரமே இரண்டு தைத்துத் தரச் சொல்லுங்கள். உடலிலிருந்து நிணநீர் வடிவதற்கு ஒரு குழாயும் சின்னப் பாட்டிலும் வைத்து அனுப்புவார்கள். அதைத் தொங்கவிட ஒரு சின்ன ஜோல்னாப் பை தைத்துக்கொண்டால் நடமாட்டம் சுலபம். பாட்டிலில் எத்தனை மில்லி சேர்ந்தது என்று தினமும் அளந்து எழுத வேண்டும். அளவு நன்றாகக் குறைந்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள். ரத்தம் பார்த்தால் மயங்காத தோழிக்கு இந்த வேலை.

குடம், குக்கர், கிரைண்டர் கல் எதையும் தூக்கக் கூடாது. வீட்டில் ஆண்கள் இருந்தும் தன்னால் சும்மா உட்கார முடியாமல் எழுந்து தூக்கிவிடும் பெண்கள்தான் நம்மிடையே அதிகம். அந்த நேரத்தில் அதட்ட ஒரு ஆள் இருப்பது நல்லது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் ஊசி, பிபி பார்ப்பது வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். கூட வரும் தோழி ஒவ்வொரு முறையும் நர்ஸிடம் நினைவூட்ட வேண்டும்.

கைப் பயிற்சி தனியாகச் செய்தால் இரண்டாம் நாளே நின்றுபோகும். சுவரில் விரல்களால் மெல்ல ஏறும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் காட்டுவார். வீடியோ காலில் தோழியும் சேர்ந்து செய்தால் பத்து நிமிடம் ஓடிவிடும்.

பிறகு, கண்ணாடி முன்னால் நிற்கும் நாள் ஒன்று வரும். அப்போது எழும் கேள்விகளை மாமியாரிடமோ அண்ணனிடமோ பேச முடியாது. கணவரிடம்கூட முதலில் வாய் வராது. உடலைப் பற்றி, தாம்பத்தியத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒரே ஒரு தோழி போதும். அவர் தீர்வு சொல்ல வேண்டியதில்லை. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகங்கள் சிலிக்கானிலும் பருத்தியிலும் கிடைக்கின்றன. கடைக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அவரையே கூட்டிப்போங்கள்.

படி 8: ரேடியேஷன் வாரங்கள்

இயந்திரத்தில் படுத்திருப்பது சில நிமிடம்தான். போக்குவரத்துதான் பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளுக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு கிழமை என்று பிரித்துவிட்டால் யாரும் வேலையை விட வேண்டியதில்லை. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடலில் தங்காது. குழந்தைகள் மடியில் ஏறி உட்காரலாம், தோழி கட்டிப்பிடிக்கலாம்.

படி 9: காகிதமும் பணமும்

படிவம் நிரப்புவதில் கெட்டிக்காரராக ஒரு நண்பர் எல்லாருக்கும் இருப்பார், இது அவருடைய காலம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எல்லாம் தயாராக வேண்டும். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று தனிக் கவுண்ட்டர் இருக்கும், அங்கே நடக்க ஒரு ஆள் வேண்டும். வெளியூரிலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ போகிறவர்களுக்கு ரயில் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான சான்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டும்.

நண்பர்கள் சேர்ந்து பணம் கொடுக்க முன்வந்தால் கடனா, அன்பளிப்பா என்று அன்றே தெளிவாகப் பேசிவிடுங்கள். கணக்கு ஒரு நோட்டில் இருக்கட்டும், கணக்குப் பார்க்கும் ஆள் நீங்களாக இருக்க வேண்டாம். கொடுத்தவர் பின்னால் உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய ஆரம்பித்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே மேல்.

படி 10: பார்க்க வருபவர்களும் வைத்தியம் சொல்பவர்களும்

ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஆறு பேராக வந்து, "என் சித்திக்கும் இதேதான், மூணு மாசத்துல..." என்று ஆரம்பிப்பவர்களை யாரும் தடுக்க முடியாது என்று நினைக்கிறோம். தடுக்கலாம். வாசலில் தோழியோ மகளோ நின்று, "டாக்டர் பத்து நிமிஷம்தான் பேசச் சொல்லியிருக்கார்" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். டாக்டர் மேல் பழி போடுவது நம் ஊரில் எல்லாருக்கும் ஏற்புடைய வழி. கை கழுவாமல், சளியோடு, கூட்டமாக வருபவர்களை ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகான இரண்டாவது வாரத்தில் அறவே தவிர்க்க வேண்டும்.

முள் சீத்தா கஷாயம், கோதுமைப்புல் சாறு, பெயர் தெரியாத லேகியம் எல்லாம் அன்போடுதான் வரும். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும், ஈரலைப் படுத்தும். "எங்க டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் சாப்பிடுவேன்" என்று வாங்கி வைத்துவிட்டு உண்மையிலேயே காட்டுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் சூசன் சில்க், தமக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது பட்ட அனுபவத்திலிருந்து 2013-ல் ஒரு எளிய முறையை எழுதினார். நடுவில் நோயாளி, அடுத்த வட்டத்தில் கணவர், பிள்ளைகள், அடுத்தது நெருங்கிய நண்பர்கள், அதற்கு வெளியே தெரிந்தவர்கள். உள்ளே இருப்பவரிடம் ஆறுதல் மட்டும்தான் சொல்ல வேண்டும், நம்முடைய பயத்தையும் அழுகையையும் வெளி வட்டத்தில் இருப்பவரிடம் கொட்ட வேண்டும். உங்கள் செய்தித் தோழிக்கு இதைச் சொல்லிவிடுங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்வார்.

படி 11: நண்பர்கள் விலகிப்போனால், அல்லது யாரும் இல்லையென்றால்

சிலர் காணாமல் போவார்கள். பல வருடம் பழகியவராகவும் இருக்கலாம். பெரும்பாலும் பயம், என்ன பேசுவதென்று தெரியாத திகைப்பு. ஒரே ஒரு முறை நீங்களாக, "நோயைப் பத்திப் பேச வேண்டாம், உன் வீட்டுக் கதை சொல்லு" என்று செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சிகிச்சை நடக்கும் வருடத்தில் பிணக்குத் தீர்க்க நேரமில்லை.

அந்த இடத்தை நிரப்பப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருப்பார். ஒரே கிழமையில் கீமோவுக்கு வருபவர்கள் தமக்குள் போன் எண் வாங்கிக்கொள்வது வழக்கம். உங்களுக்கு இரண்டு சுற்று முன்னால் போய்க்கொண்டிருப்பவர் சொல்லும் சமாசாரத்துக்கு ஈடில்லை. ஆனால் அவருடைய மருந்தையும் ரிப்போர்ட்டையும் உங்களுடையதோடு ஒப்பிட வேண்டாம், நோயின் வகையே வேறாக இருக்கும்.

நோயைத் தாண்டியவர் புதிதாக வந்தவரைப் பார்க்கப் போவது என்பது பழைய வழக்கம். நியூயார்க்கில் 1952-ல் மார்பக ஆபரேஷன் செய்துகொண்ட டெரீஸ் லாசர், மற்ற நோயாளிகளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து 'ரீச் டு ரிகவரி' என்ற அமைப்பு வளர்ந்தது. இங்கே சென்னையில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் எழுந்தது. இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதிதான் அதற்கு அடித்தளம். பெண்கள் கூடி ஒரு ஆஸ்பத்திரியையே எழுப்பிய ஊர் இது, ஆகவே துணைக்கு ஆள் தேடுவதில் கூச்சம் வேண்டாம். நீங்கள் போகும் ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணியாளரிடமோ நர்ஸிடமோ, "ட்ரீட்மெண்ட் முடிச்சவங்க யாராவது என்கூடப் பேசுவாங்களா?" என்று கேளுங்கள்.

தூக்கமே இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ தோழிகள் மட்டும் போதாது. மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

படி 12: சிகிச்சை முடிந்த பிறகு

கடைசி ரேடியேஷன் அன்று எல்லாரும் கேக் வெட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். போன் அழைப்பு குறையும். உங்களுக்கோ அப்போதுதான் நடந்ததெல்லாம் உறைக்க ஆரம்பிக்கும். அசதி பல மாதம் நீடிக்கலாம். "முடி வளர்ந்துடுச்சே, இனி என்ன?" என்பார்கள். உதவிக் குழுவை அன்றைக்கே கலைக்காமல் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கச் சொல்லுங்கள், வேலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் சில வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, வருடத்துக்கு ஒரு மெமோகிராம். அதற்கு முந்தைய வாரம் தூக்கம் போய்விடும் என்பது எல்லா நோயாளிகளும் சொல்வது. முடிவு வாங்கும் நாளுக்கு ஒரு துணையை முன்பே பிடித்து வையுங்கள்.

ஹார்மோனால் வளரும் வகை நோய் என்றால் டமாக்ஸிஃபென் அல்லது லெட்ரசோல் போன்ற மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் வரை போகும். திடீர் உடல் சூடு, மூட்டு வலி என்று பாதியில் நிறுத்தத் தோன்றும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மூட்டு வலிக்கு நடைப்பயிற்சி நன்றாகவே கைகொடுக்கிறது, ஆனால் வலியோடு தனியாக யாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. நீங்கள் "இன்னிக்கு வேண்டாம்" என்று சொன்னாலும் காலை ஆறு மணிக்கு வந்து வாசல் மணியை அடிக்கக்கூடிய ஒருத்தியாகப் பார்த்துப் பிடியுங்கள்.